கணனிப் பக்கம்: இணையம் போய்விட்டதா? அழிக்கக் கொடுக்காதீர்கள்



இம்முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே முறைப்பாட்டைச் சொல்கின்றன. ஒன்று நியூ ஜேர்சியில் இருந்து, ஒன்று ரெக்சாஸில் இருந்து, மற்றது கலிபோர்னியாவின் பே ஏரியாவில் இருந்து. மூன்று வீட்டிலும் கணனி வேறு, ஆட்கள் வேறு, நோய் ஒன்று. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே விரிவாக எழுதுகிறேன்.

நியூ ஜேர்சி அன்பரின் கடிதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். அவர் குடும்பத்துக்குத் தொண்டர்கள் பழைய மடிக்கணனி ஒன்றை இலவசமாகத் தந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது வின்டோஸ் அல்ல, லினக்ஸ் மின்ற். ஆறு மாதமாக ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் திரையின் கீழ் மூலையில் கேடயம் போன்ற படத்தில் சிறு புள்ளி தெரிந்தது. அழுத்தினார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். எல்லாம் முடிந்து அணைத்துவிட்டுப் படுத்தார். மறுநாள் காலை திறந்தால் வைபை இல்லை. வைபை அடையாளமே இல்லை. வீட்டில் மற்றவர்களுடைய கைத்தொலைபேசிகளில் இணையம் நன்றாக ஓடுகிறது. கணனி தெரிந்த பொடியன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது சரிவராது அண்ணை, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தித் தாறன்" என்றாராம். அந்தக் கணனிக்குள்தான் புகலிட வழக்குக்காக எழுதிய வாக்குமூலமும், ஊரிலிருந்து படம் பிடித்து அனுப்பிய பிறப்புச் சான்றிதழ்களும், காணியுறுதியும் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை. "என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அழிக்கக் கொடுக்க வேண்டாம். உங்கள் கணனி பழுதாகவில்லை. அனேகமாக ஐந்து நிமிடத்தில் இணையத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கும் முன் செய்ய வேண்டியது, அந்த வழக்குக் காகிதங்களை ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் பிரதி எடுப்பது. இணையம் இல்லாவிட்டாலும் யூ.எஸ்.பி. வேலை செய்யும். கடையில் பத்து டொலருக்குள் கிடைக்கும் குச்சி போதும். பிரதி எடுத்து, குச்சியைக் கணனியோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். பிறகு ஆறுதலாக மற்ற வேலையைப் பார்க்கலாம்.

இந்த லினக்ஸ் எங்கிருந்து நம் வீடுகளுக்குள் வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. சில வருடங்களுக்கு முந்திய மடிக்கணனிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஏறாது. ஆனால் இயந்திரமோ நல்ல நிலையில் இருக்கும். பழைய கணனிகளைத் திருத்திப் புதிதாய் வந்த குடும்பங்களுக்குக் கொடுக்கும் தொண்டர்களில் பலர் அவற்றில் லினக்ஸைப் போட்டுத் தருகிறார்கள். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, பழைய இயந்திரத்திலும் ஓடும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாவிக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பார் குறைவு. அதனால்தான் இப்படியொரு சின்னக் கோளாறு வந்தவுடன் கணனியே போய்விட்டது என்ற பயம் வருகிறது.

இனி நோய்க்கு வருவோம். அந்தக் கேடயப் படத்தை அழுத்தியபோது வந்த பல திருத்தங்களில் ஒன்று, கேர்னல் என்ற பகுதிக்கு. ஆங்கிலத்தில் இராணுவத்துக் கேணலும் இதுவும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும், ஆனால் சம்பந்தமில்லை. கேர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. பனங்கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான் இருக்குமே, அதுபோல. திரையில் நாம் காணும் யன்னல்களும் படங்களும் வெளி மட்டை. விசைப்பலகை, திரை, வட்டு, வைபைச் சில்லு ஆகிய எல்லாவற்றோடும் நேரே பேசுவது உள்ளே இருக்கும் இந்தப் பருப்பு.

இதன் கதையில் நம் வாசகர்கள் குடியிருக்கும் ஊர்களுக்கும் பங்கு உண்டு. லினக்ஸுக்கு முன்மாதிரியான யுனிக்ஸ் 1969இல் பிறந்தது நியூ ஜேர்சியின் மறே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுகூடத்தில். கென் தொம்ஸன், டெனிஸ் றிச்சி என்ற இருவர் அதில் முக்கியமானவர்கள். நியூ ஜேர்சியில் இருந்து எழுதிய அன்பருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அவர் வீட்டுக் கணனியின் மூதாதை அதே மாநிலத்துக்காரர். பின்லாந்து மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, தாம் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகுக்கு அறிவித்தார். அதுதான் லினக்ஸ். 1997இல் அவரும் குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்து, பே ஏரியாவில் சன்ரா கிளாரா நகரில் வேலை பார்த்தார்.

கேர்னலுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ட்ரைவர் இருக்கும். கருவியின் பாஷையைக் கேர்னலுக்குச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் என்று வையுங்கள். பெரும்பாலான ட்ரைவர்கள் கேர்னலோடு சேர்ந்தே வரும். கேர்னல் மாறினால் அவையும் கூடவே மாறிவிடும், ஒரு தொல்லையும் இல்லை. சில கம்பனிகளின் சில்லுகளுக்கோ ட்ரைவர் வெளியிலிருந்து தனியாக வரும். அப்படி வந்தது எந்தக் கேர்னல் பதிப்புக்காகச் செய்யப்பட்டதோ, அந்தப் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் வாசற் பூட்டை மாற்றிவிட்டுப் போனால் பழைய திறப்பு திறக்குமா? அதே கதைதான். திறப்பிலும் பிழை இல்லை, பூட்டிலும் பிழை இல்லை, இரண்டுக்கும் பொருத்தம் இல்லை.

லினக்ஸ் செய்பவர்கள் ஏன் இந்த உட்பூட்டை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்றும் கேட்கலாம். அது அவர்களுடைய கொள்கை. நாம் பாவிக்கும் செயலிகள் பழுதாகாமல் மிகக் கவனமாக இருப்பார்கள். ஆனால் கேர்னலின் உள் அமைப்பை எந்த நேரமும் மாற்றும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ட்ரைவரின் மூலத்தை எல்லோருக்கும் திறந்து கொடுத்துக் கேர்னலுக்குள் சேர்த்துவிடுங்கள், மாற்றம் வரும்போது நாங்களே அதையும் சேர்த்து மாற்றுகிறோம் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். இடையில் அகப்பட்டு இணையம் இல்லாமல் இருப்பது மட்டும் நம்மைப் போன்றவர்கள்.

இந்தத் தொல்லையில் அதிகம் அடிபடும் பெயர் பிரோட்கொம். இன்று பே ஏரியாவில் பாலோ அல்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பனி. அதன் வைபைச் சில்லுகள் பழைய மடிக்கணனிகள் பலவற்றில் இருக்கின்றன. 2010 செப்டெம்பரில் சில புதிய சில்லுகளுக்கு மூலம் திறந்த ட்ரைவரை அது வெளியிட்டது. மற்றச் சில சில்லுகளுக்கு இருப்பது மூலம் மூடிய பழைய ட்ரைவர். அதன் கடைசிப் பதிப்பு 2015இல் வந்தது. அதன் பின்னர் கேர்னல் எத்தனையோ தரம் மாறிவிட்டது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளைப் பராமரிப்பவர்கள்தான் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய சட்டைக்கு ஒட்டுப் போட்டுத் தருகிறார்கள். ஒட்டுப் பிந்தினால் வைபை போகும்.

ஒட்டு வேலையைத் தானாகச் செய்யும் ஒழுங்கு ஒன்று உண்டு. புதுக் கேர்னல் வந்தவுடன் வெளி ட்ரைவரை அதற்கேற்ப மீண்டும் செய்து வைக்கும் இந்த முறைக்கு டி.கே.எம்.எஸ். என்று பெயர். 2003இல் இதை உருவாக்கியவர்கள் டெல் கம்பனியின் லினக்ஸ் பிரிவினர். டெல்லின் தலைமையகம் ரெக்சாஸின் ரவுண்ட் றொக்கில் இருக்கிறது. இது ஒழுங்காக வேலை செய்யும்போது நமக்கு ஒன்றுமே தெரியாது. அப்டேற் நடக்கையில் கணனியைப் பாதியில் அணைத்துவிட்டால், அல்லது "ஹெடர்ஸ்" எனப்படும் துணைப் பொதி வந்து சேரவில்லை என்றால், புது ட்ரைவர் செய்யப்படாமல் நின்றுவிடும். மடிக்கணனி மூடியைப் பட்டென்று மூடிவிட்டுப் படுக்கப் போகும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. அப்டேற் ஓடும்போது மட்டுமாவது அது வேண்டாம்.

இனித் திருத்தும் வழி. முதலில் சின்ன விஷயங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசை தவறுதலாக அழுத்துப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணனியை முற்றாக அணைத்து, சார்ஜர் வயரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். சிலவேளை மயங்கிக் கிடந்த சில்லு இதிலேயே எழும்பிவிடும்.

அதற்கும் வரவில்லை என்றால், பழைய கேர்னலுக்குப் போக வேண்டும். இதுதான் இந்தப் பக்கத்தில் முக்கியமானது, இரண்டு தரம் வாசியுங்கள். புதுக் கேர்னல் வந்தபோது பழையது அழிக்கப்படவில்லை. வீட்டுக்காரர் புது வாசல் வைத்திருக்கிறார், ஆனால் பழைய வாசலை அடைக்கவில்லை. கணனியைப் போட்டு, கம்பனியின் பெயர் தெரிந்து மறையும் அந்த நேரத்தில் எஸ்கேப் விசையை ஒன்றிரண்டு தரம் தட்டுங்கள். மிகப் பழைய கணனியானால் ஷிவ்ற் விசையை அழுத்திப் பிடியுங்கள். கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் கொண்ட ஒரு பட்டியல் வரும். வராமல் நேரே உள்ளே போய்விட்டால் அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள், மூன்றாம் முறை கை பழகிவிடும். பட்டியலில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்று தொடங்கும் வரிக்கு அம்புக்குறி விசையால் இறங்கி என்ரர் அழுத்துங்கள். இப்போது கேர்னல்கள் ஒவ்வொன்றும் எண்ணோடு தெரியும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த சிறிய எண்ணைத் தெரியுங்கள். "றிக்கவரி மோட்" என்று முடியும் வரிகள் நமக்கு வேண்டாம், அவற்றை விட்டுவிடுங்கள்.

கணனி வழக்கம்போல் திறக்கும். வைபை வந்துவிட்டதா? வந்துவிட்டால் நோய் எதுவென்று உறுதியாகிவிட்டது. உங்கள் கோப்புகள், படங்கள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். கேர்னல் எதுவானாலும் கோப்புகள் அதே கோப்புகள்தான். எந்தக் கேர்னலில் நிற்கிறீர்கள் என்று பார்க்க, ரெர்மினல் என்ற கறுப்பு யன்னலைத் திறந்து யுனேம் என்று தட்டுங்கள். யு, என், ஏ, எம், ஈ என்ற ஐந்து சின்ன எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, கோட்டை ஒட்டி ஆர் எழுத்து. என்ரர் அழுத்தினால் எண் வரும். அதைக் காகிதத்தில் குறித்து வையுங்கள். பிறகு யாரிடமும் உதவி கேட்கும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பழைய கேர்னலில் நின்றபடியே புதியதைத் திருத்தலாம். மின்றில் "ட்ரைவர் மனேஜர்" என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் உங்கள் வைபைச் சில்லுக்கு வெளி ட்ரைவர் தேவையா என்று சொல்லும். தேவையென்றால் அங்கேயே தெரிந்து ஏற்றலாம். ஏற்கெனவே ஏறியிருந்தால் "சினப்ரிக்" என்ற பொதி முகாமையில் பி, சி, எம், டபிள்யூ, எல் என்று தொடங்கும் பொதியைத் தேடி, "மீண்டும் நிறுவு" என்ற பொருளில் உள்ள வரியைத் தெரியுங்கள். புதுக் கேர்னலுக்கான ஹெடர்ஸ் பொதி இருக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள். உபுண்டுவில் வேறொரு காரணமும் அடிக்கடி வரும். கேர்னல் வந்திருக்கும், ஆனால் "மொடியூல்ஸ் எக்ஸ்ரா" என்ற கூடுதல் பொதி வந்திராது. வைபை ட்ரைவர்கள் பல அதற்குள்தான் இருக்கின்றன. புதுக் கேர்னலின் எண்ணோடு அதைத் தேடி ஏற்றுங்கள்.

திருத்த நேரமில்லை, இன்றைக்கு வேலை ஓடினால் போதும் என்பவர்கள், மின்றின் "அப்டேற் மனேஜர்" யன்னலில் "வியூ" என்பதற்குள் "லினக்ஸ் கேர்னல்ஸ்" என்ற பட்டியலைத் திறந்து, தொல்லை தந்த புதுக் கேர்னலை அகற்றிவிடலாம். பழையதில் நின்றபடிதான் அகற்ற வேண்டும். பழையதை அகற்றிவிடாதீர்கள்! அடுத்த பதிப்பு வரும்போது அது பெரும்பாலும் ஒட்டுப் போட்டே வரும். அதே அப்டேற் மனேஜரில் பழைய கேர்னல்களைத் தானாகவே அகற்றும் ஒரு தெரிவு உண்டு. வட்டில் இடம் இருப்பவர்கள் அதைப் போடாமல் விடுவது நல்லது.

பே ஏரியா அன்பர் எழுதியது சற்று வேறு. அப்டேற் முடிந்ததும் நீலத் திரையொன்று வந்து ஏதோ சாவி, கடவுச்சொல் என்று கேட்டதாம். வைரஸ் என்று பயந்து, ஒன்றும் கொடுக்காமல் தொடர்ந்துவிட்டாராம். அது வைரஸ் அல்ல. செக்யுர் பூட் என்ற காவல் உள்ள கணனிகளில், வெளி ட்ரைவருக்கு நீங்கள் சம்மதம் தர வேண்டும். "என்ரோல் மொக்" என்ற வரியைத் தெரிந்து, அப்டேற் நேரத்தில் நீங்களே வைத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால் சம்மதம் பதியும். தவறவிட்டால் ட்ரைவர் இருந்தும் கேர்னல் அதை உள்ளே விடாது. வெளி ட்ரைவரை மீண்டும் நிறுவினால் அந்தச் சந்தர்ப்பம் திரும்ப வரும்.

ரெக்சாஸ் வீட்டில் பழைய கேர்னலே மிஞ்சவில்லை. திருத்துவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்குத் திருத்தம் வேண்டும். இதற்குக் கைத்தொலைபேசி உதவும். அன்ட்ரோயிட் போனை அதன் சார்ஜ் வயரால் கணனியோடு இணைத்து, போனின் அமைப்புகளில் "ஹொட்ஸ்பொட்" பகுதிக்குள் "யூ.எஸ்.பி. ரெதரிங்" என்பதைப் போடுங்கள். கணனி அதை வயர் இணைப்பு என்றே எண்ணிக்கொள்ளும். பல போன்கள் வீட்டு வைபையையே இப்படிக் கடத்திவிடும் என்பதால் உங்கள் மாதாந்த டேற்றா கரையாது. வயர் டேற்றா போகும் வயராக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயர் சரிவராது. மோடத்திலிருந்து நேரே வயர் போட வசதி உள்ள மடிக்கணனி என்றால் அதுவும் ஒரு வழி.

பழைய கேர்னலுக்குப் போயும் சரிவராத சந்தர்ப்பம் உண்டா என்று கேட்டால், உண்மையில் நடந்த ஒரு கதை இருக்கிறது. 2008 செப்டெம்பரில் 2.6.27 என்ற கேர்னலின் சோதனைப் பதிப்புகளைப் போட்டுப் பார்த்தவர்களில் சிலருக்கு, இன்ரெல் கம்பனியின் வயர் இணைப்புச் சில்லு செத்துப் போனது. பழைய கேர்னலைப் போட்டாலும், வின்டோஸைப் போட்டாலும் உயிர் வரவில்லை. சில்லின் சொந்த ஞாபகத்திலேயே கண்டதையும் எழுதிக் குழப்பிவிட்டது புதுக் கேர்னல். எல்லோரும் முதலில் இன்ரெல்லின் ட்ரைவரையே சந்தேகித்தார்கள். ஒக்ரோபரில்தான் உண்மை தெரிந்தது. கேர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கப் புதிதாகச் சேர்த்த ஒரு வசதி, தனக்குச் சொந்தமல்லாத இடத்தில் எழுதியிருந்தது. ஒரு வீட்டில் களவு போக, அயல்வீட்டுக்காரனைப் பிடித்து விசாரித்த மாதிரி. அந்த மாதம் 9ஆம் திகதி 2.6.27 வெளிவந்தபோது சில்லின் ஞாபகத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சில நாட்களில் வந்த 2.6.27.1 அந்தக் கண்காணிப்பு வசதியையே நிறுத்தி வைத்தது. இதில் அகப்பட்டவர்கள் வேண்டுமென்றே சோதனைப் பதிப்பைப் போட்டவர்கள். உங்கள் வீட்டுக் கேடயப் படத்தில் வருவது சோதனை முடிந்த பதிப்பு, அந்த அளவுக்குப் பயம் வேண்டாம்.

வழக்கு நடக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. குடிவரவு நீதிமன்ற விசாரணைகள் சில இப்போது வெபெக்ஸ் மூலம் காணொளியில் நடக்கின்றன. விசாரணைக்கு நீங்கள் தோன்றாவிட்டால், நீங்கள் இல்லாமலே நாடுகடத்தும் உத்தரவு போட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. "கணனியில் வைபை வரவில்லை" என்பதை அங்கே ஒரு காரணமாகச் சொல்லப் போகும் நிலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வெபெக்ஸ் கைத்தொலைபேசியிலும் வேலை செய்யும். முதல் வாரமே அதைப் போனில் ஏற்றி ஒரு தரம் திறந்து பாருங்கள். விசாரணைத் திகதியை அறிய இணையமே தேவையில்லை. 1-800-898-7180 என்ற நீதிமன்றத் தானியங்கி எண்ணுக்கு அழைத்து உங்கள் ஏ-எண்ணைத் தட்டினால் சொல்லும். ஒன்பது இலக்கம் கேட்கும், உங்களிடம் எட்டுத்தான் இருந்தால் முன்னால் ஒரு பூச்சியம் போடுங்கள். சந்தேகம் எதுவானாலும் சட்டத்தரணியைக் கேளுங்கள், கணனிப் பக்கத்தை அல்ல.

மூன்று கடிதத்திலும் கடைசியில் உள்ள கேள்வி ஒன்றுதான்: இனி அப்டேற் செய்யாமலே விட்டுவிடலாமா? கூடாது. வங்கிக் கணக்கும் வழக்குக் காகிதமும் உள்ள கணனியில் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்துவது, பூட்டுச் சிக்குகிறது என்று கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுப்பது. நேரம் பார்த்துச் செய்யுங்கள், அவ்வளவுதான். விசாரணைக்கு முதல் நாள் இரவோ, பிள்ளையின் பரீட்சைக் கிழமையிலோ வேண்டாம். சனிக்கிழமை காலை, சார்ஜர் வயர் குத்தியிருக்க, ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மின்றில் "ரைம்ஷிவ்ற்" என்ற செயலி கூடவே வருகிறது. அப்டேற்றுக்கு முன் அதில் ஒரு பிரதி எடுத்து வைத்தால், பிசகு வந்தால் நேற்றிருந்த நிலைக்குக் கணனியைத் திருப்பலாம். அது இயங்குதளத்தைத்தான் காக்கும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு அந்த யூ.எஸ்.பி. குச்சிதான்.

அடுத்த இதழில், ஒதுக்கி வைத்த கடிதங்களில் இருந்து, லினக்ஸில் தமிழ் விசைப்பலகை போடுவது பற்றியும் அச்சுப்பொறி பிடிபடாத தொல்லை பற்றியும் பார்ப்போம். கடிதம் எழுதுவோர் கணனியின் பெயரையும், யுனேம் தந்த எண்ணையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.